பாறையில் மஞ்சள் கோடு

அன்புக்கரசி எங்கள் பக்கத்து மனையை வாங்கினபோது நான் சிரித்தேன். மனையின் பின்பக்கம் பூராவும் பாறை, ரெண்டு ஆள் உயரம். செஞ்சியைச் சுற்றிப் பாறைக்குக் குறைச்சல் கிடையாது, ஆனால் காசு கொடுத்து அதை எவன் வாங்குவான்? பாறையின் அந்தப் பக்கம் புறம்போக்கு. நாற்பது வருஷமாக என் வீட்டு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அந்தப் பாறை மேல்தான் காய்கிறது.

வெடி வைத்து உடைப்பாள் என்று நினைத்தேன். அவள் பாறையையே பின்சுவராக வைத்துக்கொண்டு மற்ற மூன்று சுவரையும் தானே எழுப்பினாள். கொத்தனார் கிடையாது. புருஷன் சிவசங்கர் லாரி ஓட்டுகிறவன், மாசத்தில் ரெண்டு மூன்று நாள் வருவான், வந்தால் மர வேலை பார்ப்பான். மிச்சமெல்லாம் அவள்தான். அமாவாசை அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம், மஞ்சள், குங்குமம் விற்பாள். மற்ற நாளில் கல் அடுக்குவாள். தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு எட்டப் போய் ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். கோணல் என்றால் இடித்துவிட்டு மறுபடி. கிழக்குச் சுவரை மூன்று தரம் இடித்தாள். நான் இருபது வருஷம் கல் குவாரியில் கிடந்தவன். எவனும் தான் கட்டின சுவரைத் தானே இடித்து நான் பார்த்ததில்லை.

தோட்டமும் அப்படித்தான். அங்கே மண் ஒரு சாண், அதற்குக் கீழே கல். ஏரி வண்டலைச் சாக்கில் கட்டி, டிவிஎஸ் வண்டியில் கொண்டுவந்து, கல் வரப்பு போட்டுக் கொட்டினாள். கத்தரி, வெண்டை, முருங்கை எல்லாம் வந்தது. குளிக்கிற தண்ணீர் வாழைக்குப் போனது.

ஆனாலும் அந்த வீடு நிற்கும் என்று நான் நம்பவில்லை. சித்திரையில் பெய்த ஒரே மழையில், பாறை மேல் விழுந்த தண்ணீரெல்லாம் வழிந்து, கூரையும் பாறையும் சேர்கிற இடத்தில் உள்ளே இறங்கிவிட்டது. பாய், துணி, அரிசி எல்லாம் நனைந்தது. சிமெண்ட் பூசினாள். வெயிலில் அது பாறையை விட்டுப் பிரிந்துகொண்டது. ஐப்பசி மழையிலும் ஒழுகினால் வீட்டை விற்றுவிட்டுச் செஞ்சியில் வாடகைக்குப் போய்விடலாம் என்று சிவசங்கர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டானாம். வேலி ஓரம் நின்று என் வீட்டுக்காரி அருளம்மாளிடம் அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது.

புரட்டாசியில் ஒருநாள் சாயங்காலம் பார்க்கிறேன், குடம் குடமாகத் தண்ணீர் சுமந்துபோய்ப் பாறை உச்சியில் ஊற்றுகிறாள். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. நாலு நாள் இதே வேலை. அப்புறம் பார்த்தால் பாறை பூராவும் மஞ்சள் கோடு, அங்கங்கே குங்குமப் பொட்டு.

இந்தப் பக்கத்தில் கல்லுக்கு மஞ்சள் பூசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதலில் பொட்டு, அப்புறம் சூலம், அப்புறம் தகரக் கொட்டகை. ஆறு மாசத்தில் புறம்போக்கு போய்விடும். என் மல்லாட்டையை எங்கே காய வைப்பது? நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். வாய் திறந்தால் சாமி விஷயத்தில் சண்டைக்கு வந்தான் என்பார்கள்.

"அவளையே கேட்டுட்டு வாயேன்யா. வாய் இருக்குது இல்ல?" என்றாள் அருளம்மாள்.

நான் கேட்கவில்லை. அமாவாசை அன்று அவள் மேல்மலையனூர் பஸ் ஏறினதும், துடைப்பமும் ரெண்டு குடம் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஏறி, ஒரு பொட்டு விடாமல் தேய்த்துக் கழுவினேன்.

மறுநாள் காலையில் நேராக எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"மாமா, பாறை மேல இருந்த கோட்டை யாரு அழிச்சாங்க, தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"உங்க வேட்டியில மஞ்சா இருக்குதே."

உள்ளே அருளம்மாள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? கோயில் கட்டத்தானே பார்க்கிறாய் என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"அமாவாசைக்கு அமாவாசை மலையனூர்லயே சாமியைப் பாத்துட்டு வரேன். வீட்டுப் பின்னாடி வேற ஒண்ணு எனக்கு எதுக்கு? தண்ணி எந்தெந்த வழியா இறங்குதுன்னு தெரியத்தான் மஞ்சா கரைச்சு ஊத்தினேன். அந்த வழியெல்லாம் மறிச்சு குறுக்க ஒரு காவா வெட்டிட்டா உள்ள வராது. குங்குமம் வச்சது உளி வைக்கிற எடம். நாலு நாள் சுமந்தேன் மாமா."

திட்டக்கூட இல்லை. போய் மறுபடி குடத்தை எடுத்தாள். கழுவுறதுக்கு ஏறின முட்டி சுமக்க ஏறாதா என்று அருளம்மாள் கேட்டாள். நானும் சுமந்தேன். தினம் ரெண்டு குடம், அதுதான் முடிந்தது.

அப்புறம் வெட்ட ஆரம்பித்தாள். கருங்கல்லில் நாலு விரல் அகலம், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் சாய்வாக. பழகினவனுக்கே கை விட்டுப்போகிற வேலை. முதல் நாள் ஒரு முழம்கூட ஆகவில்லை, உளி மழுங்கிவிட்டது. என் பழைய குவாரி உளி ஆறையும் எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் மழுங்கினதைக் கொண்டுவந்து போடுவாள். காலையில் நான் கரியில் காய்ச்சி, முனையை அடித்து, தண்ணீரில் முக்கி வைப்பேன். உளி பிடிக்கிற விதத்தைச் சொல்லலாம் என்று ஒருநாள் மேலே ஏறினேன். பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். சரியாகத்தான் பிடித்திருந்தாள். பதினெட்டு நாளில் முடித்தாள்.

ஐப்பசி ரெண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. சிவசங்கர் வந்திருந்தான். விடிந்ததும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன். பாறை மேலிருந்து இறங்கின தண்ணீர் காவாயில் விழுந்து, அப்படியே திரும்பி ஓடி, தோட்டத்து மூலையில் அவள் கட்டியிருந்த தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பி வாழைக்குப் போனது. உள்ளே போய்க் கூரையும் பாறையும் சேர்கிற இடத்தை உள்ளங்கையால் தடவினேன். காய்ந்த தூசிதான் ஒட்டியது.

ஒருநாள் மழையை நம்பக் கூடாது. மறுநாளும் போய்த் தடவினேன். மூன்றாம் நாள் போனால் நிற்க இடமில்லை. சிவசங்கர் கட்டிலை இழுத்துப் பாறையை ஒட்டிப் போட்டுப் படுத்திருந்தான்.

"இன்னா மாமா, இன்னிக்கும் தடவணுமா?" என்று எழுந்து இடம் விட்டான். தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

இந்தத் தையிலும் என் மல்லாட்டை அங்கேதான் காய்ந்தது. அள்ளி முடித்ததும், காவாயில் விழுந்த சருகையும் தோலையும் தள்ளிச் சுத்தம் பண்ணிவிட்டு இறங்குகிறேன். அவள் செய்யச் சொல்லவில்லை. துடைப்பம் அதே துடைப்பம்தான்.