ஒரே இடம், இரண்டு நகல்

அந்தக் கம்ப்யூட்டரை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. அதன் பக்கத்தில் ஏ.சி. காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை நினைத்தால் இன்னும் அதிகமாக.

1979. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்கு ஆலை. அங்கே நான் ஒருவன்தான் புரோகிராமர். டிஸ்க்கைப் பிரித்து, ஒரு பகுதியைத் தொழிலாளர் விவரத்துக்கு ஒதுக்கினேன். அதற்காக, கம்ப்யூட்டரையே இயக்கும் அடிப்படைப் புரோகிராமான கெர்னலிலேயே கை வைத்தேன். டிஸ்க்கில் ஒருமுறை படித்ததைக் கெர்னல் மெமரியில் நகலாக வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே நீட்டும். பகுதியைத் திறந்தால் ஒரு நகல். முழு டிஸ்க்கைத் திறந்தால் வேறொரு நகல். இடம் என்னவோ ஒன்றுதான். ஒன்றில் திருத்தினால் மற்றதற்குத் தெரியாது. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளாத வீடு மாதிரி.

உலையில் வேலை பார்த்த தானியேலுக்கு மூச்சிரைப்பு. உலைக்கு அனுப்பக் கூடாதென்று ஆலை டாக்டர் எழுதினார். அவருடைய கிளார்க் சம்பூர்ணம் அதைத் தொழிலாளர் பகுதியில் ஏற்றினாள். ஷிஃப்ட் பட்டியல் அடிக்கும் பழைய புரோகிராமோ முழு டிஸ்க்கைத் திறந்து, பழைய நகலையே படித்தது. மறுநாளும் தானியேல் உலையிலேயே இருந்தான்.

என்னிடம் வந்தான். "சார், டாக்டரு வேணான்னுட்டாரு. லிஸ்ட்ல ஃபர்னஸ்னு போட்டுக்கீது. போவலன்னா ஆப்சென்ட்டுன்றாரு மேஸ்திரி. இன்னா சார் பண்றது?"

மேனேஜர் ஆதிநாராயணனிடம் போனேன். கெர்னலில் நாலு வரி சேர்க்க வேண்டும், ஒருநாள் கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டும் என்றேன். அவர் சம்பூர்ணத்தின் திரையைக் காட்டினார்.

"சரியாத்தானேய்யா இருக்கு? டைரக்டர் வர்ற வாரத்துல மெஷினை நிறுத்தச் சொல்றியே!"

அந்தத் திரையில் சரியாகத்தான் இருந்தது. நான் போய் டீ குடித்தேன். மேஸ்திரியின் பட்டியலில் பேனாவால் ஒரு கோடு அடித்திருந்தால் போதும். அதைக்கூடச் செய்யவில்லை.

மூன்றாம் நாள் தானியேல் உலை வாசலில் விழுந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்முன் உயிர் போய்விட்டது.

ஆதிநாராயணன் முதல் வேலையாக மேஸ்திரியிடமிருந்த பட்டியல்களை வாங்கிக் கிழித்தார். அடுத்து, கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போடச் சொன்னார். டைரக்டராவது மண்ணாவது! நிறுத்திப் போட்டால் மெமரி காலி, எல்லாம் டிஸ்க்கிலிருந்து புதிதாக வரும். பழைய தேதி போட்டு அடித்த பட்டியலில், தானியேல் பெயருக்கு நேரே 'உலைக்கு அனுப்பக் கூடாது' என்று வந்தது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். சொல் கேளாமல் அவனாகப் போனான், ஆலை பொறுப்பல்ல என்று முடித்தார்கள். பட்டியலில் கையெழுத்துப் போட்டது நான். தூ!

மறுவாரம் அவன் மனைவி ஞானம்மா, ஆலை கொடுத்த அந்தப் பட்டியல் காகிதத்தோடு வந்தாள். படிக்கத் தெரியாதவள்.

"இன்னா சார் போட்டுக்கீது இதுல?"

படித்துச் சொன்னேன். காகிதத்தை வாங்கி நாலாக மடித்தாள்.

"ஃபர்னஸ்ல போட்டுட்டாங்கோன்னு எங்கிட்ட அழுதுக்கினுல்ல சார் போனாரு. கம்பூட்டரா பொய் சொல்லப் போவுது? பாவி மனுசன், சாவும்போதும் எங்கிட்ட பொய் சொல்லிட்டுப் பூட்டாரே."

நான் எழுந்துபோய் ஏ.சி. அறையின் கதவைச் சாத்திக்கொண்டேன்.