முப்பத்தேழாம் கேள்வி

வெள்ளிமலை மாதா கோயிலில் தவக்காலத்துக்குத் தவக்காலம் விவிலியத் தேர்வு நடத்துவது லூர்துராஜ் சார்தான். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து ஞாயிறு பாடம் எடுத்து, கேள்வித்தாளையும் விடைகளையும் தானே தயாரித்து, குருத்து ஞாயிறன்று பூசை முடிந்த கையோடு தேர்வு வைத்துவிடுவார். அந்த வருடம் இருபத்து மூன்று பேர் எழுதினார்கள். முதல் பரிசு ஐந்து லிட்டர் குக்கர்.

புதன்கிழமை கோயில் கதவில் மதிப்பெண் ஒட்டினார். எட்வின் மனைவி ஜூலியா ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது. மாணவர் விடுதியில் சமையல் வேலை பார்க்கும் உபகாரமேரி நாற்பத்தெட்டு.

மறுநாள் பெரிய வியாழன். காலை பத்து மணி வாக்கில் உபகாரமேரி அவர் வீட்டு வாசலில் நின்றாள். கையில் விவிலியம்.

“இன்னா உபகாரம், வேலைக்குப் போகலியா?”

“பர்மிஷன் கேட்டுக்கினு வந்தேன் சார். முப்பத்தேழாவது கேள்விக்கு தப்பு போட்டிருக்கீங்க.”

லூர்துராஜ் விடைத்தாளை எடுத்துப் பார்த்தார். கேள்வி: ஞாயிறன்று எந்த நேரத்தில் இயேசு உயிர்த்தெழுந்தார்? சரியான விடை: விடியற்காலையில், இருட்டு விலகும் முன். உபகாரமேரி கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தாள்: ‘நேரம் எழுதப்படவில்லை. பெண்கள் போவதற்குள் எழுந்துவிட்டார்.’

அவருக்குச் சிரிப்பு வந்தது. “எழுதலைன்னு எழுதினா அது விடையாம்மா? யோவான்ல இருக்குதே, இருட்டோட போனாங்கன்னு.”

“போனது மகதலா மரியா சார். மாற்குல பாருங்க, அவங்க போய்ச் சேரும்போது சூரியன் வந்துடுச்சு. ரெண்டும் அவங்க போன நேரம். அவரு எழுந்த நேரம் எந்த எடத்துல இருக்குது? காட்டுங்க, நான் போய்க்கினே இருக்கேன்.”

லூர்துராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். மத்தேயுவில் நிலநடுக்கம் வருகிறது, தூதர் வந்து கல்லைப் புரட்டுகிறார். அப்போதே உள்ளே ஆள் இல்லை. லூக்காவிலும் கல்லறை காலிதான். மாற்கின் கடைசியில் ‘காலையில்’ என்று ஒரு சொல் உண்டு, அதுவும் எந்த நேரம் என்று சொல்லவில்லை. பக்கங்கள் திரும்பிக்கொண்டே இருந்தன. உபகாரமேரி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஒரு மார்க்குக்கா இவ்ளோ தூரம் வந்தே?” என்றார் எரிச்சலாக. “குக்கருதான் வேணும்னா...”

“குக்கரு இருக்குது சார் எங்க வூட்ல.” அவள் குரல் உயரவில்லை. “எங்க வூட்டுக்காரரு கீழ ஆஸ்பத்திரில இருந்தாரு இல்ல? நான் டீ வாங்கியாரப் போனேன். வந்து பாத்தா உசுரு இல்ல. டாக்டர் வந்து தொட்டுப் பாத்துட்டு ஆறு இருபதுன்னு எழுதினாரு. அவர் மேல தப்பு சொல்லல. ஆனா அது அவரு பாத்த நேரம் சார். மார்ட்டின் போன நேரம் யாருக்குத் தெரியும்? பக்கத்துல யாரு இருந்தது? நீங்க பாடத்துல, இயேசு எழுந்தது இருட்டு விலகும் முன்னன்னு சொன்னப்பவே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதான் வூட்டுக்குப் போய் நாலு நற்செய்தியையும் படிச்சேன்.”

மார்ட்டின் அடக்கத்துக்கு லூர்துராஜும் போயிருந்தார். கல்லறைச் சிலுவையில் தேதிக்குக் கீழே நேரமும் எழுதலாமே என்று யோசனை சொன்னதே அவர்தான். அவள் வேண்டாம் என்று தலையாட்டியது இப்போது நினைவுக்கு வந்தது.

“பாத்து சொல்றேம்மா” என்று மட்டும் சொன்னார்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்து வந்து நான்கு நற்செய்திகளின் கடைசி அதிகாரங்களை இரண்டு தடவை படித்தார். சனிக்கிழமை ஜூலியாவுக்குப் போன் போட்டார்.

“உனக்கு ஒரு மார்க் கம்மியாவும்மா. முதல் பரிசு உபகாரத்துக்குப் போவுது.”

“நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான சார் எழுதினேன்?”

“ஆமாம். தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்.”

“நாளைக்கு எல்லார் முன்னாலயும் அதைச் சொல்லுவீங்களா? குக்கர் வருதுன்னு எங்க மாமியார் ஊரெல்லாம் சொல்லிட்டாங்க.”

“சொல்றேன்” என்றார். முப்பத்திரண்டு வருடத்தில் கரும்பலகையில் தப்பாக எழுதியதை எத்தனையோ முறை அழித்திருக்கிறார். சொன்னதைத் திரும்பப் பெற்றதில்லை.

உயிர்ப்பு ஞாயிறன்று சாமியார் கீழிருந்து ஜீப்பில் வந்து பூசை வைக்க எட்டு மணியாகிவிட்டது. பூசை முடிந்ததும் லூர்துராஜ் உபகாரமேரியின் விடைத்தாளோடு மைக் முன்னால் போனார். முப்பத்தேழாம் கேள்வியை வாசித்தார். தன் விடை தப்பு, உபகாரமேரியின் விடைதான் சரி என்றார். தான் சொன்னதை நம்பி எழுதிய இருபத்திரண்டு பேருக்கு ஒரு மதிப்பெண் குறைகிறது, அதற்கு மன்னிக்க வேண்டும் என்றார்.

பின்னாலிருந்து எட்வின் கேட்டான்: “அப்ப எத்தனை மணிக்குத்தான் சார் எழுந்தாரு?”

“தெரியாதுப்பா. யாரும் பாக்கல” என்றார் லூர்துராஜ். “அவங்க போறதுக்குள்ள எழுந்துட்டாரு. அவ்ளோதான் எழுதியிருக்குது.”

சிலர் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்தார். உபகாரமேரி முன்னால் வந்து குக்கரை வாங்கினாள். வாங்கினவள் தன் இடத்துக்குப் போகவில்லை. நேராக ஜூலியாவின் மாமியாரிடம் போய் அதை அவர் மடியில் வைத்துவிட்டு, லூர்துராஜிடம் திரும்பி வந்தாள்.

“நான் எழுதின பேப்பரைக் குடுங்க சார்” என்றாள். “அது போதும் எனக்கு.”