கோட்டு போட்ட படம்

ஸ்டுடியோக்காரன் லுக்மான் கணினித் திரையில் கறுப்புக் கோட்டு போட்ட உடம்பு ஒன்றைத் திறந்தான். கழுத்துக்கு மேல் தலை இல்லை. கம்பெனி அடையாள அட்டையிலிருந்து வெட்டியெடுத்த கார்மேகத்தின் முகத்தை அங்கே நகர்த்தி வைத்து, "இது சரியாண்ணே?" என்றான்.

மணிகண்டன் திரையை உற்றுப் பார்த்தான். அவன் அண்ணன் கார்மேகம் அபுதாபி மியூசியம் ஒன்றில் கண்காட்சிக்குப் படம் மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து இறந்துபோனார். மாலையில் உடல் விமானம் ஏறுகிறது. அதற்குள் ஊரில் அஞ்சலி பேனர் அச்சாக வேண்டும். மணிகண்டன் டியூட்டி உடுப்போடே முசஃபா பகுதியில் இருந்த இந்த போட்டோ ஸ்டுடியோவுக்கு ஓடி வந்திருந்தான்.

போனில், ஊரிலிருந்து கார்மேகத்தின் மனைவி, மதினி அருணா. "கோட்டு வச்சாச்சா தம்பி? கீழ மியூசியம் ஆபீசர்னு எழுதச் சொல்லுங்க."

"அண்ணன் ஹெல்ப்பர், மதினி."

"எனக்குத் தெரியாதா? ஆபீசர்னு சொல்லித்தான மகளுக்கு நிச்சயம் பண்ணுனோம். சொன்னது உங்க அண்ணன்தான்."

"அண்ணன் பெட்டியோட நான் வாரேன். சம்பந்தி கேட்டா?"

"நீங்க வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

போன மாதம் அறையில் மியூசியத்துப் படம் ஒன்றைப் பற்றி அண்ணன் சொன்னது மணிகண்டன் காதில் கேட்டது. "முன்னூறு வருசத்துக்கு முந்தி செம்புத் தகட்டுல செதுக்கி அச்சடிச்ச படம்டா. எவன் பெரிய ஆளுன்னு மூஞ்சில தெரியாது. கவசத்துலயும் கீழ எழுதுன பட்டத்துலயும்தான் தெரியும். ராசா போயி வேற ஆளு வந்தா, தலைய மட்டும் சுரண்டிட்டுப் புதுத் தலைய செதுக்கிருவானாம். குதிரையும் ஒடம்பும் அதேதான்." வெகுநேரம் சிரித்தார். இவனும் சேர்ந்து சிரித்தான்.

"கீழ என்ன எழுதண்ணே?" லுக்மான் கேட்டான்.

"மதினி சொன்ன மாதிரி மியூசியம் ஆபீசர்னே எழுது."

போனில் பின்னால் பெண்களின் அழுகை கேட்டது. அப்புறம் அருணா குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, வேலை உடுப்புல அவரு படம் எதும் இருக்குதா?"

"ஏணி மேல நிக்கிறது ஒண்ணு இருக்கு."

"எனக்கு நல்ல சட்டை போட்டதுதான் அனுப்புவாரு. அந்த ஏணிப் படத்த எனக்கு மட்டும் அனுப்புங்க."

அனுப்பினான். அவள் பார்த்துவிட்டதற்கான நீலக் குறி விழுந்தது. அவள் போனை வைக்கவில்லை.

திரையில், கோட்டின் கழுத்தோரம் ஒட்டியிருந்த வேலை உடுப்பின் நீலக் காலரை லுக்மான் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்தான்.