நடுவில் ஒரு சின்னப் படம்

அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரின் கதையை முடித்தவன் நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி அதன் முன்னால் உட்கார்ந்தேன். எழுந்தபோது திரை கன்னங்கரேலென்று இருந்தது.

எங்கள் குடும்பத்துக்கே கம்ப்யூட்டர் வைத்தியர் நான். படித்தது வணிகவியல், பார்ப்பது டைல்ஸ் கடையில் மேலாளர் வேலை. என்றைக்கோ சித்தப்பாவின் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவி எடுத்தேன். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பட்டம். நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் என் கண்ணை உறுத்தியது ஒன்றே ஒன்று. அவ்வளவு பெரிய மானிட்டரில் படம் மட்டும் நடுவில் தபால் அட்டை அளவுக்குக் குறுகிக் கிடந்தது. சுற்றிலும் அகலமாகக் கறுப்புப் பட்டை. உள்ளே இருந்த கிராபிக்ஸ் கார்டு ஆதிகாலத்துச் சரக்கு. டிரைவர்தான் பழசாகிவிட்டது என்று தீர்ப்பு எழுதி, இருப்பதிலேயே புதிய டிரைவரைத் தேடி இறக்கிப் போட்டேன். கார்டுக்கும் திரைக்கும் நடுவே தூது போகிற மென்பொருள் அது. நான் அனுப்பிய தூதன் போனதோடு சரி, உறவே முறிந்துவிட்டது.

“என்னடா பண்ணித் தொலைச்ச?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்லக்கா. புதுசு இல்லையா, கொஞ்சம் பழகணும்.”

“அது பழகுறதுக்குள்ள அவர் தூங்கி எந்திரிச்சிடுவார். சாயங்காலம் செஸ் ஆடலேன்னா மனுஷன் வீட்டை ரெண்டாக்கிடுவார். நாளைக்குக் காலைல ஷிப்ட் வேற.”

அத்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அங்கே உட்கார்ந்து, கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி, கீழே ஆட்கள் நிற்கும் தளத்தில் ஓசை கேட்காமல் இறக்கி வைப்பார். அங்கே அவருக்குப் ‘பூக்கை’ என்று பெயர். என் கைக்கு அக்கா வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

வேர்த்து வழிய, கம்ப்யூட்டரை, அடிப்படை வசதிகளோடு மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறந்தேன். புது டிரைவரை அழித்தேன். போனில் தேடியபோதுதான் தெரிந்தது, புது டிரைவர் இந்தக் கார்டை எப்போதோ கைகழுவிவிட்டதாம். போடுவதற்கு முன்னால் படிக்க வேண்டிய வரி அது. கார்டு செய்தவர்களின் தளத்தில் அடியாழத்தில் பழைய டிரைவர் ஒன்று கிடைத்தது. போட்டேன். திரை கண் விழித்தது. அமைப்புகள் பக்கத்தில், படத்தை நடுவில் சின்னதாக வைப்பதா, திரை முழுக்க விரிப்பதா என்று கேட்டது. இதென்ன கேள்வி! விரித்தேன். அக்காவே ஒரு நிமிடம் வாயைப் பிளந்து பார்த்தாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அத்தான் எழுந்து வந்தார். “மாப்ள, என் வண்டியில கை வச்சியாமே?”

“வச்சதால என்ன ஆயிருக்குன்னு பாருங்க அத்தான். வீட்டுக்குள்ளயே தியேட்டர்!”

உட்கார்ந்தார். செஸ் பலகை திரை முழுக்க விரிந்தது. நாலைந்து காய் நகர்த்தியிருப்பார். பலகையின் ஓரத்தில் எதிரியின் யானை பளிச்சென்று நின்றுகொண்டிருக்க, அதன் பாதையிலேயே தன் ராணியைக் கொண்டுபோய் வைத்தார். போயிற்று. குடும்பத்தில் யாரும் ஜெயிக்க முடியாத ஆள் அவர். நான் கைதட்டிச் சிரித்தேன்.

“மணி என்ன ஆச்சு?” என்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திரையில் தேடினார். கடிகாரம் வலது கீழ் மூலையில், வழக்கமான இடத்தில்தான் இருந்தது. “ப்ச், எல்லாத்தையும் எங்கயோ கொண்டுபோய் வச்சிருக்கான். பழைய மாதிரியே ஆக்கு மாப்ள.”

“அந்தத் தபால் அட்டையவா? அது கார்டோட கோளாறு அத்தான்.”

“கார்டு மேல பழி போடாதடா,” என்றாள் அக்கா. “அவரேதான் சின்னதாக்கினார். கண்ணுக்கு இதமா இருக்காம். முதல்ல கொஞ்சம் குறைச்சார். போன மழைக்கு இன்னும் கொஞ்சம். இப்ப இத்துனூண்டு. அடுத்து பட்டன் சைசுக்கு வந்துடும்.”

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. 

கார்டு பழுதில்லை. டிரைவரும் பழுதில்லை. மனுஷன் தன் பார்வை குறுகக் குறுக, படத்தையும் அதற்குள் அடங்குகிற மாதிரி வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

சத்தம் போடாமல் அவருக்குப் பக்கவாட்டில் போய் நின்றேன். அவர் திரையைப் பார்த்தபடி இருந்தார். அவர் காதுக்குச் சற்று முன்னால் கையை நீட்டி ஆட்டினேன். கொசு வந்தால்கூட யாராக இருந்தாலும் திரும்பிப் பார்க்கிற இடம். அவர் அசையவில்லை. இன்னும் முன்னால் கொண்டுபோய் ஆட்டினேன். அசையவில்லை. அக்கா பார்த்துவிட்டாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது, எடுக்க மறந்த பொருள் மாதிரி.

“அத்தான், என் கை எங்க இருக்கு?”

“உன் தோள்லதான் தொங்கும். கழட்டியா வச்சிருக்க?”

“விளையாடாதீங்க அத்தான்.”

“ஆரம்பிச்சது யாரு?” என்று திரும்பியவர், மூக்குக்கு நேரே என் விரல்களைப் பார்த்ததும் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார். பிறகு குரலை உயர்த்தினார். “வருஷா வருஷம் கம்பெனியில கண் டெஸ்ட் எடுக்கறாங்க. கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன். உன்னால முடியுமா?”

“அந்த எழுத்தெல்லாம் நேரா எதிர்ல இருக்கு அத்தான்.”

அவர் திரைப் பக்கம் திரும்பினார். மௌஸைக் கொஞ்சம் நகர்த்தினார், திரும்பவும் அதே இடத்தில் வைத்தார். அக்கா மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“டாக்டர்ட்ட போனீங்களா?” அவள் குரல் அவள் குரலாகவே இல்லை.

“போனா கிரேனை விட்டு இறங்குன்னுதான் சொல்லுவான். ஒரு தடவ இறங்கிட்டா திரும்ப ஏத்த மாட்டாங்க. கீழ நின்னு அண்ணாந்து பார்த்துட்டு இருக்கச் சொல்றியா?”

வாழ்க்கையில் முதல்முறையாக என் வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேராக வந்தேன். அங்கேயிருந்தால்தானே என்னைத் தெரியும்.

“நாளைக்குக் காலைல கூண்டுக்குள்ள உட்கார்ந்து கீழ குனிஞ்சு பார்ப்பீங்க இல்ல? என்ன தெரியும் அத்தான்? எனக்கு உள்ளதைச் சொல்லுங்க.”

அவர் மௌஸை விட்டுக் கையை எடுத்தார்.

“தூக்குற பெட்டி நல்லாத் தெரியும்,” என்றார். “அதைச் சுத்தி நிக்கிற ஆளுங்க தெரிய மாட்டாங்க.”