எட்டு விரல் தூரம்

"எத்தனை மணிக்கு ஆச்சுன்னு சொல்லுங்க, எழுதிடறேன்" என்று டாக்டர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு இருபது. அது இப்போதைய மணி. டாக்டர் கேட்டது அதுவல்ல.

ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். அவர் பஸ் முக்கில் திரும்புவதைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி கதை என்று தெரிந்தும் அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் இப்போது சொந்த மனைவி போன நேரம் தெரியாமல் திருதிருவென்று விழித்தார்.

"ஏழரைக்கு மேலதான்..."

"பரவால்ல. ஏழே முக்கால்னு தோராயமாப் போட்டுக்கலாம்."

"தோராயமா வேண்டாம் டாக்டர்."

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. கட்டிலில் கிடந்த அம்மாவின் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. ஏழு மணிக்குக் குளிக்கப் போனவள் எட்டு மணிக்குத் திரும்பி வந்து, அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்து, அவள்தான் அப்பாவுக்கே விஷயத்தைச் சொன்னாள்.

"நீங்க எங்கப்பா இருந்தீங்க?"

"இங்கதாம்மா. என் தோள்ல தலைய வச்சிருந்தா."

"தோள்லயே இருந்திருக்காங்க. உங்களுக்குத் தெரியல."

"மூச்சப் பிடிச்சிருக்கான்னு நெனச்சுட்டேன்."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளுக்கு விளங்கியது. விளங்கியும் முகம் இளகவில்லை. "நான் கூடத்துல உக்காந்திருக்கேன்" என்று சொல்லி டாக்டர் தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அங்கே ஏற்கெனவே அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். "எங்க வீட்டுச் செடியில இருந்த வண்டுக்கெல்லாம் எங்களுக்கு முன்னாடி அவங்களுக்குத்தான் பேரு தெரியும்" என்று எதிர்வீட்டுக்காரி யாரிடமோ சொல்லி மூக்கைச் சிந்துவது கேட்டது. தெருவில் டிரைவர் மனைவியின் பெயர் பூச்சி டாக்டர். முதலில் கேலிக்கு வைத்தது. பிறகு தீப்பெட்டிக்குள் எதையாவது பிடித்துப்போட்டுக்கொண்டு, "டாக்டரம்மா, இது கடிக்குமா?" என்று நிஜமாகவே வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலையில் இருந்தாள். டிரைவரையும் அங்கேதான் பிடித்தாள். வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு "இப்பத் தெளிவா? இல்ல, இப்பத் தெளிவா?" என்று அவள் கேட்க, இவர் எழுத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து "தெளிவு, தெளிவு" என்று சொல்லிவைத்தார். கிடைத்த கண்ணாடியைப் போட்டால் ரோடு இரண்டாகத் தெரிந்தது. மறுபடி போய் அசடு வழிய நின்றபோது அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் அவர் விழுந்ததுதான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

வேலையை விட்ட வருஷம் அவள் கேமரா வாங்கினாள். பூச்சிகளைக் கிட்டத்தில் பார்க்க அதற்கென்றே ஒரு மேக்ரோ லென்ஸ் வேண்டுமென்று இருவரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அறுபது மில்லிமீட்டர் லென்ஸையும் நூறையும் மேஜையில் எடுத்து வைத்தார்.

"அறுபதே போதும்மா. கைக்கு லேசா இருக்கும். படத்துல எறும்பு ரெண்டுலயும் ஒரே அளவுதான் விழும்."

அவள் அறுபதை மாட்டி, மேஜையில் கிடந்த பேனாவின் முள்ளைப் பார்த்தபடி முன்னால் போனாள். முள் முழு அளவில் தெளிவாகத் தெரிந்த இடத்தில் நின்று, லென்ஸின் நுனிக்கும் பேனாவுக்கும் நடுவே கையை நுழைத்தாள். நாலு விரல். பிறகு நூறை மாட்டிப் பார்த்தாள். ஒரு கை போதவில்லை. பக்கத்தில் நின்ற டிரைவரின் கையைப் பிடித்து இழுத்துத் தன் கையை ஒட்டி வைத்தாள். அவளுடைய நாலு விரல், அவருடைய நாலு விரல்.

"நூறே குடுங்க. நாலு விரல்ல போனா நம்ம நிழலே அது மேல விழும். மெரண்டு போன பூச்சியப் படம் எடுத்து என்ன செய்ய?"

அதற்கப்புறம் வந்த ஆட்களுக்கெல்லாம் அந்தக் கடைக்காரர் விரல் வைத்துக் காட்டித்தான் லென்ஸ் விற்றார். டிரைவர் அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் வேலை இல்லாமலே கடைக்குள் எட்டிப் பார்த்து, அதை உறுதி செய்துகொண்டு வருவார். கண்ணாடிக் கடையிலும் அப்படித்தான். அங்கே எழுத்துப் பலகைக்கு மேல் அவள் எடுத்த ஒரு தத்துப்பூச்சியின் முகத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். "இது எந்த நாட்டு மிருகம்?" என்று யாராவது வாயைப் பிளந்தால், "எங்க வீட்டு ரோஜாத் தொட்டி மிருகம்தான், என் வீட்டுக்காரி எடுத்தது" என்று சொல்வதற்கென்றே அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

படம் எடுக்கும்போது அவர் வேலை ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து வெளிச்சத்தை இலைக்குத் திருப்பிவிடுவது. அதைவிட முக்கியமான வேலை மூச்சு விடாமல் இருப்பது. "அவ்வளவு கிட்டத்துல நூல் கனத்துக்குத்தான் தெளிவு இருக்கும். இலை ஆடினாப் போச்சு" என்பாள். அவள் மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவாள், இவரும் நிறுத்துவார். படம் விழுந்ததும் திரையில் பெரிதாக்கி முதலில் கண்ணைப் பார்ப்பாள். கண் கலங்கியிருந்தால் மறுபடி. சரியாக இருந்தால் "ம்" என்பாள். அந்த "ம்" வந்த பிறகுதான் இவர் மூச்சு விடுவார். பஸ்ஸுக்குக் கண்டக்டரின் விசில் மாதிரி இவருக்கு அது.

அப்படி மூச்சை ஆண்டவளுக்கு நுரையீரலில்தான் நோய் வந்தது. மூன்று மாதமாகக் கட்டில்.

"உக்காரும்மா, சொல்றேன்" என்றார் டிரைவர். மகள் உட்காரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ போனதும் கண்ண முழிச்சா. சன்னல் கட்டையில ஒரு ஈப்புலி உக்காந்திருந்துச்சு. குட்டிச் சிலந்தி, ஈயத் தாவிப் பிடிக்குமே, அது. கேமராவை எடுங்கன்னா. எடுத்துக் குடுத்தா, தூக்க முடியல. நீங்க எடுங்கன்னுட்டா."

"நீங்களா?"

"நான்தான். பத்து வருஷமா அட்ட பிடிச்சவன். கட்டில் ஓரத்துல உக்காந்தேன். பின்னால இருந்து சாஞ்சு என் தோள்ல மோவாய வச்சுக்கிட்டா. திரையப் பாக்கணுமாம். லென்ஸ் ரிங்கத் திருப்பாதீங்க, எட்டு விரல்ல நின்னு ஒடம்ப முன்னால பின்னால ஆட்டுங்கன்னு சொல்றா. பேசறதுக்கே அவளுக்கு மூச்சு இல்ல, ஆனா அதிகாரத்துக்கு ஒரு கொறச்சலும் இல்ல."

மகளின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு போல இருந்தது, ஆனால் வரவில்லை.

"மூச்சப் பிடிங்கன்னா. பிடிச்சேன். எடுத்தேன். பாத்துட்டு, கண்ணு கலங்கியிருக்கு, மறுபடின்னா. ரெண்டாவது எடுத்தேன். பேசல. விரலால என் கையத் தட்டினா, மறுபடின்னு. மூணாவது எடுத்துட்டு 'ம்'முக்குக் காத்திருந்தேன். வரல. சரி, பிடிக்கல போலன்னு நாலாவதும் எடுத்தேன். அப்பவும் வரல. திரைய உத்துப் பாத்துக்கிட்டிருக்கா, அசையக் கூடாதுன்னு நான் உக்காந்தே இருந்தேன். நீ வர்ற வரைக்கும்." அவர் தரையைப் பார்த்தார். "எனக்குப் பெருமையா இருந்துச்சும்மா. மொத தடவையா நான் எடுக்கிறேன், அவ பின்னால இருந்து பாக்கிறான்னு. அந்த நெனப்புலயே இருந்துட்டேன்."

கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

மகள் தலையணைக்கு அருகில் கிடந்த கேமராவை எடுத்தாள். அம்மா செய்கிற மாதிரியே பட்டையை முதலில் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் பொத்தானைத் தொட்டாள். படங்கள் வந்தன. ஒவ்வொன்றின் கீழும் மணி இருந்தது. ஏழு நாற்பத்திரண்டு. ஏழு நாற்பத்து மூன்று. ஏழு நாற்பத்து நாலு. ஏழு நாற்பத்தாறு.

"இதுல மணி சரியா இருக்குமாப்பா?"

"ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை என் வாட்ச்சப் பாத்து நான்தான் திருத்தி வைப்பேன்."

அவள் முதல் படத்தைப் பெரிதாக்கினாள். ஈப்புலியின் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புத் திட்டுகள். இரண்டாவதும் அப்படியே. "ரெண்டும் கலங்கியிருக்கு" என்றாள்.

டிரைவர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என் கை ஆடல. அவ மோவாய் என் தோள்ல இருந்துச்சே, அவ மூச்சு வாங்குறப்பல்லாம் தோள் முன்னால பின்னால போச்சு. அதான்."

மகள் மூன்றாவதுக்கு நகர்த்தினாள். பெரிதாக்கவில்லை. சின்னத் திரையிலேயே தெரிந்தது. ஈப்புலியின் முகத்து மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இதில் மட்டும் தோள் ஏன் ஆடவில்லை என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே கதவுவரை போனாள்.

"டாக்டர், ஏழு நாப்பத்தி நாலுன்னு எழுதிக்கோங்க."

"ஏழு நாப்பத்தி நாலு" என்று அவர் சொல்லி எழுதினார். "அவ்வளவு சரியாவா?"

"எங்கப்பா டிரைவர். நேரத்துல தப்பு வராது."

அவள் திரும்பி வந்தாள். வெளியிலிருந்து யாரோ சன்னலைத் திறந்துவிடச் சொன்னார்கள். டிரைவர் கையை உயர்த்தி வேண்டாம் என்றார். ஈப்புலி இன்னும் சன்னல் கட்டையிலேயே இருந்தது. மகள் சுவரோரம் சுற்றிக்கொண்டு, தன் நிழல் அதன் மேல் விழாமல் வந்து, அப்பாவின் பக்கத்தில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

மூன்றாவது படத்தைத் திரையில் கொண்டுவந்து இப்போது பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். முன்னால் இருந்த நாலு கண்களில் நடுவில் இருந்த பெரிய இரண்டையும் திரை நிறைய வைத்து, ஒரு கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, வெகுநேரம் சோதித்தாள். டிரைவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்" என்றாள்.

அவர் மூச்சை விட்டார்.