வயலட் அடுக்கிய தட்டுகள்

நுரைக்குள் வெயில். ஒரு தட்டின் விளிம்பில் வழுக்கி, இன்னொரு தட்டில் ஏறி, குழாய்த் தண்ணீர் பட்டதும் கரைந்துபோகிற வெயில்.

பாளையங்கோட்டையில் அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு மதியம் இரண்டு மணிக்குத்தான் வெளிச்சம் வரும். அந்த நேரத்தில் இரண்டு பேர் தொட்டிக்கு முன்னால் நிற்பார்கள். ஞானதிரவியம் தேய்ப்பார். எப்சிபா அலசுவாள். சில சமயம் முழங்கைகள் இடித்துக்கொள்ளும். இருவரும் ஒரே நேரத்தில் விலகுவார்கள்.

கல்யாணமாகி நான்கு மாதம். அவருக்கு ஐம்பத்தெட்டு. அவளுக்கு நாற்பத்தாறு.

இருபது வருடம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவள் எப்சிபா. தன் தட்டைத் தானே கழுவி, தானே கவிழ்த்து, தானே எடுத்துச் சாப்பிட்டவள். இன்னொருவர் தேய்த்துக் கையில் கொடுக்கும் தட்டு அவளுக்குப் புதிது. ஒவ்வொரு மதியமும் புதிது.

தொட்டிக்குப் பக்கத்தில், மேடைக்குக் கீழே, பூத்தையல் போட்ட ஒரு துணி தொங்கியது. துணிக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் மிஷின். அவருடைய முதல் மனைவி வயலட் வாங்கியது. கடைசி வருடங்களில் வயலட்டின் விரல்கள் முடக்குவாதத்தில் மடங்கிப்போயின என்று சர்ச்சில் யாரோ சொல்லி எப்சிபாவுக்குத் தெரியும்.

வந்த புதிதில் ஒருமுறை கேட்டாள். "இது ஓடாதா?"

"ஓடும்," என்றார். "ரெண்டு பேர் தட்டுதான. எதுக்கு?"

அதற்குப் பிறகு கேட்கவில்லை. வீடு முழுவதும் அவளுக்குத் திறந்திருந்தது. அலமாரி, அரிசிப் பானை, அவருடைய சட்டைப் பெட்டி. அந்தத் துணியை மட்டும் சுற்றிப் பெருக்கினாள்.

ஐப்பசி வந்தது. மழை வந்தது. வேப்பமரம் நனைந்தது, கொடிக்கயிறு நனைந்தது, பின்வாசல் படியில் பாசி பிடித்தது. காய்ந்த துணி எடுக்க ஓடியவள் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

இப்போது அவர் ஒருவரே தேய்த்தார், அலசினார், கவிழ்த்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். அவருக்கு இடுப்பு வலி உண்டு. சொல்ல மாட்டார். பாதிக் கழுவலில் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார், மழையைப் பார்ப்பதுபோல.

ஒரு சனிக்கிழமை காலை வீட்டில் ஜெபக்கூட்டம். முப்பது தட்டு, முப்பது தம்ளர். கழுவித் தருகிறோம் என்ற பெண்களை, மழை வலுக்கும்முன் போங்கள் என்று அவர்தான் அனுப்பிவைத்தார். பிறகு தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார். முதலில் சர்ச்சுப் பாய்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி, குடையோடு வெளியே போனார்.

எப்சிபா துணியை விலக்கினாள். இடது கையால் கதவை இழுத்தாள்.

உள்ளே பாத்திரங்கள் இருந்தன.

கழுவிய பாத்திரங்கள். நான்கு பீங்கான் தட்டுகள், ஒன்றோடொன்று முட்டாமல். தம்ளர்கள் சற்றே சாய்வாக, தண்ணீர் வடிய. ஒரு கஞ்சிக் கிண்ணம். ஒரு சின்னக் கரண்டி. மடங்கிய விரல்கள் பிடிப்பதற்காக அதன் காம்பில் துணி சுற்றித் தைத்திருந்தது. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். வலிக்கிற கை, பொறுமையாக, ஒவ்வொன்றாக வைத்த இடத்தில்.

மூடிவிட வேண்டும் என்று நினைத்தாள். மூடவில்லை. வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்டபோதும் திறந்த கதவுக்கு முன்னால் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அவர் வந்து நின்றார். பார்த்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு மத்தியானம் அவதான் அடுக்கிப் போட்டுவிட்டா," என்றார். "ஓடிக்கிட்டு இருக்கும்போதே அவளுக்கு மூச்சு முட்டிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நான் மட்டும் திரும்பி வந்தேன். இது கழுவி முடிச்சிருந்துச்சு."

மழை ஜன்னல் கம்பியில் சொட்டியது.

"எடுக்கணும்னுதான் நெனப்பேன். எடுத்தா அவ அடுக்குனது கலஞ்சிருமேன்னு விட்டுட்டேன். ரெண்டரை வருசம்."

எப்சிபா அந்த அடுக்கையே பார்த்திருந்தாள். விடுதியில் எத்தனையோ ஆயிரம் தட்டுகளை அடுக்கிப் பார்த்தவள்.

"கலையாது," என்றாள். "எது எங்கன்னு பாத்து வச்சிருக்கேன். அவங்க வச்ச மாதிரியே நானும் வைக்கேன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கையை உள்ளே விட்டார். ஒரு தட்டு. இன்னொரு தட்டு. கஞ்சிக் கிண்ணத்தில் கை நின்றது. அவள் தன் இடது கையை அடியில் கொடுத்தாள். இரண்டு பேருமாக வெளியே எடுத்தார்கள்.

அவற்றை அவர் தொட்டியில் இன்னொருமுறை கையால் கழுவினார். தேவையே இல்லை. ஆனாலும் கழுவினார். அவள் மடியில் துண்டு விரித்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

பிறகு ஜெபக்கூட்டத்துத் தட்டுகளை அடுக்கினார்கள். அவள் சொல்ல, அவர் வைத்தார்.

"தட்டு முகம் அந்தப் பக்கம். முட்டக் கூடாது. தம்ளரச் சாய்ங்க. இன்னும் கொஞ்சம்."

"அவளும் இப்படித்தான் சத்தம் போடுவா," என்றார். சொன்னவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

எப்சிபா சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாதிப் பாத்திரம்தான் கொண்டது. தொட்டியடியில் பழைய டப்பாவில் சோப்பு வில்லைகள் மிச்சம் இருந்தன. சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே தண்ணீர் வந்தது. வெளியே ஒரு மழை. உள்ளே ஒரு மழை.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"ஒன்றரை மணி நேரம்."

"அப்ப உக்காருங்க. அது முடியிற வரைக்கும் அவங்களப் பத்திச் சொல்லுங்க."

"வயலட்டப் பத்தியா?"

"ஆமா."

அவர் ஸ்டூலை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"அவளுக்குச் சுண்டக்காய்னா ஆகவே ஆகாது," என்றார்.