ஈரப்பெட்டியின் சிவப்பு வளையம்

1

போன பங்குனியில் அப்துல் மஜீது பாய் எங்கள் வீட்டுக்கு வந்து எட்டாவது முறையாக என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் இறந்த தேதியை ஒட்டி வருசத்துக்கு ஒருமுறை வருவார். பேரீச்சம்பழப் பொட்டலம் ஒன்றைக் கொடுப்பார். போகும்போது வாசலில் நின்று, "அந்தச் சாக்க நான் அடைச்சிருக்கக் கூடாது தங்கச்சி" என்பார். நான் "விடுங்கண்ணே" என்பேன். இப்போது சர்க்கரை வியாதியில் அவருக்குக் கண் மங்கிவிட்டது. மகள் பத்ருன்னிசா கையைப் பிடித்துக் கூட்டிவருகிறாள்.

அதற்குமேல் நான் அவரிடம் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். எட்டு வருசமாக அந்த ஒரு வரி என் வாயில் வரவில்லை. வாயில் வராதது கையில் வருமா என்று பார்க்கத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

தொடங்குமுன் இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, "நான்" என்று எழுதினால் பேனா நின்றுவிடுகிறது. அதனால் கதைக்குள் "செங்கமலம்" என்று எழுதுகிறேன். (என் பெயரும் அதுதான். புஷ்பவல்லி என்று மாற்றிப் பார்த்தேன். புஷ்பவல்லிக்குத் தறியில் கால் எட்டவில்லை.) இரண்டு, இந்தக் கதையை யாருக்காவது உரக்கப் படித்துக் காட்டுபவர், ஆறாம் பகுதி வந்ததும் நிறுத்தி, அங்கிருந்து கடைசிவரை முதலில் மனசுக்குள் படித்துக்கொள்ளவும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் தூரத்தில் தெரிய, செங்கமலம்…"

அடித்துவிட்டேன். எங்கள் தறிக்கொட்டகையிலிருந்து கோபுரம் தெரியாது. கொல்லைச் சுவர்தான் தெரியும்.

இரண்டாவது தொடக்கம்: "அய்யம்பெருமாள் மிகவும் நல்ல மனிதர்."

இதையும் அடித்தேன். செத்தவர் யாராக இருந்தாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். அய்யம்பெருமாள் குழம்பில் உப்புக் கூடினால் தட்டை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் மோட்டுவளையைப் பார்க்கிற மனிதர். அந்தப் பார்வைக்குத் திட்டே தேவலை என்றிருக்கும்.

மூன்றாவது தொடக்கம்: "பங்குனி வந்தால் இழை அறும்."

இது இருக்கட்டும்.

3

பங்குனி வந்தால் இழை அறும். ஜெயங்கொண்டத்திலிருந்து தா.பழூர் போகிற ரோட்டில், செங்கமலத்தின் வீட்டுக்குப் பின்னால் இரண்டு குழித்தறி போட்ட ஒரு கொட்டகை இருந்தது. பட்டுக்குக் காற்றில் ஈரம் வேண்டும். வெயில் ஏறினால் பாவு இழைகள் காய்ந்து பொட்டுப் பொட்டென்று தெறிக்கும். அறுந்ததைச் சாம்பல் தொட்டுத் திரித்துச் சேர்ப்பதிலேயே பொழுது போய்விடும். தரையில் தண்ணீர் தெளிப்பாள், ஈரச் சாக்குத் தொங்கவிடுவாள். அரைமணியில் காய்ந்துவிடும். விறகடுப்பில் அண்டா வைத்தால் ஆவியோடு கரியும் வரும். சந்தன நிறப் பட்டில் கரி படிந்தால் அது கல்யாணச் சேலை ஆகாது.

"இன்னிக்கு முப்பது எழ அறுந்துச்சு," என்றாள் புருசனிடம்.

"எண்ணிக்கிட்டா இருந்த?"

"வேற என்ன வேல எனக்கு? நான் நெய்யுறதா நெனச்சிக்கிட்டிருக்கீங்க. முடிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேன்."

அய்யம்பெருமாள் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் பாய்லர் ஃபிட்டர். வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருவார். ஆறு நாளும் ஆவியோடு கிடந்தவர் ஏழாவது நாளும் ஆவியோடு கிடப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தார். அது எழுபத்தொன்பதாம் வருசம், சித்திரை.

கொல்லையில் யூனியன் ஆபீஸ் மானியத்தில் கட்டிய சாண எரிவாயுக் கலம் இருந்தது. இரண்டு மாட்டுச் சாணம். கரியில்லாத நீலத் தீ. ஆனால் சமையல் போக மிஞ்சுவது இரண்டு மணி நேரத்துக்குத்தான் எரியும். செங்கமலத்துக்கு மத்தியானம் முழுக்க ஈரம் வேண்டும். அந்தக் கொஞ்சூண்டு வாயுவிலிருந்து இன்னும் எவ்வளவு ஆவி பிழியலாம் என்பதுதான் அவருடைய ஒரு வருசத்து யோசனை.

முதலில் அடுப்பின் மேல் தவலை. "பாதிச் சூடு தவலையச் சுத்திக்கிட்டு ஓடிப்போவுது. நம்ம மாடு சாணி போடறது கூரையக் காய வைக்கவா?" என்று அதைக் கழற்றினார். அடுத்து, தகரப் பீப்பாயின் நடுவே ஓர் இரும்புக் குழாய். தீ குழாய்க்குள், தண்ணீர் குழாயைச் சுற்றி. எரிந்த புகை சுவரைத் தாண்டி வெளியே போனது. ஆவி நன்றாக வந்தது. செங்கமலம் வெளியே போய், புகைக்குழாய் வாயில் ஓர் அப்பளத்தைப் பிடித்துச் சுட்டு எடுத்துவந்தாள்.

"இந்தாங்க. உங்க ஈரப்பெட்டி அப்பளம் சுடுது."

அவர் சிரிக்கவில்லை. அப்பளத்தைத் தின்றுகொண்டே யோசித்தார். தின்று முடித்ததும், "அவ்வளவு சூடா வெளியில போவுது?" என்றார்.

மூன்றாவதுதான் கடைசி வடிவம். புகைக்குழாயை நேரே வெளியே விடாமல் கீழே வளைத்து, பக்கத்தில் ஒரு பச்சைத்தண்ணீர்த் தொட்டிக்குள் செப்புக் குழாயாகச் சுற்றவிட்டு, பிறகு சுவரைத் தாண்டவைத்தார். புகையின் சூட்டைத் தொட்டித் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். வெதுவெதுத்த அந்தத் தண்ணீர் பீப்பாய்க்குப் போகும். தீயைப் பாதியாகக் குறைத்தும் அதே ஆவி வந்தது. இரண்டு மணி நேர வாயு நான்கு மணி நேரத்துக்கு வந்தது.

அன்று அவர் செங்கமலத்தின் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் புகைக்குழாய் வாயில் வைத்தார்.

"சுடுதா?"

"இல்லையே."

"இப்பச் சுடு பாப்பம், அப்பளம்!"

(கல்யாணமாகிப் பதினோரு வருசத்தில் வெட்டவெளியில் வைத்து அவர் என் கையைப் பிடித்தது அந்த ஒருமுறைதான். ஈரப்பெட்டி வேலை செய்கிறது என்பதைக் காட்டுவதற்காக. இருந்தாலும்.)

4

ஆறிய புகையில் ஒரு சிக்கல் இருந்தது. புகைக்குள்ளும் ஈரம் உண்டு. சூடு போனதும் அது குழாய்க்குள்ளேயே தண்ணீராகித் தாழ்ந்த வளைவில் தேங்கியது. அய்யம்பெருமாள் அந்த வளைவின் அடியில் தீக்குச்சி நுழைகிற அளவுக்கு ஒரு துளை போட்டு, கீழே ஒரு கொட்டாங்குச்சி வைத்தார். துருக்கலந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. துளையைச் சுற்றி ஆலையிலிருந்து கொண்டுவந்த பெயிண்டால் ஒரு சிவப்பு வளையம் வரைந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இனி மஜீது பாய். இவரை எழுதும்போதுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது. சிரிப்புக்காரராக எழுதினால் பின்னால் வருகிற அழுகைக்குப் பொருந்தவில்லை. சோகமாக எழுதினால் அது மஜீது பாயே இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

லப்பைக்குடிக்காட்டுக்காரர். ஜெயங்கொண்டத்தில் பழைய இரும்புக் கடை. அதற்குமுன் இரண்டு வருசம் துபாயில் ஏசி மெக்கானிக். செப்புக் குழாய் அவர் கடையிலிருந்து வந்ததுதான். எண்பதாம் வருசம் பங்குனி பிறந்த வாரத்தில் பார்க்க வந்தார்.

"என்னா மச்சான், தறிக்கு வேது புடிக்கிறீங்களா?"

"தறிக்குச் சளி பாய். ஒரு வருசமா மருந்து தேடறேன்," என்றார் அய்யம்பெருமாள்.

பாய் அண்ணாந்து பார்த்தார். கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் ஆவி வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. "ஏன் மச்சான், கீழ இம்புட்டு மெனக்கெட்டுட்டு மேல தொறந்து வுட்டிருக்கீங்களே? துபாய்ல ஏசி ரூமுல ஊசி போற சந்து இருக்காது."

கடையிலிருந்து சாக்குகளைக் கொண்டுவந்து, அவரே ஏணியில் ஏறி, சந்து முழுக்கத் திணித்து அடைத்தார். இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு, "இன்ஷா அல்லாஹ், இனிமே உங்க வூட்டு ஈரம் உங்க வூட்டுலயே இருக்கும் தங்கச்சி" என்றார்.

அந்தச் சாக்கைத்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

5

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலை. செங்கமலம் கல்யாணச் சேலையை மடித்துத் துணியில் கட்டிக்கொண்டு, ஜெயங்கொண்டம் நெசவாளர் சொசைட்டியில் கொடுப்பதற்காக டவுன் பஸ்ஸுக்கு நின்றாள். வந்த பஸ்ஸிலிருந்து அய்யம்பெருமாள் இறங்கினார். துண்டில் சுற்றிய இரண்டு வெப்பமானிகள் கையில் இருந்தன. ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் ஒப்பிட்டால் காற்றில் எவ்வளவு ஈரம் என்று தெரியுமாம்.

"கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே உக்காந்து அளக்கப்போறேன். ஜும்மா தொழுக முடிஞ்சு பாயும் வரேன்னிருக்காரு," என்றார்.

"சாப்புட்டுட்டு உக்காருங்க. நீராகாரம் இருக்கு."

"சரி. சேல முடிஞ்சுதா?"

"நேத்தே."

"எத்தன எழ அறுந்துச்சு?"

"ரெண்டு."

"ரெண்டா!"

சிரித்தார். மோட்டுவளையைப் பார்க்கிற அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கண்டக்டர் விசில் ஊதினார். அவள் ஓடி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினாள்.

"ஏங்க, அந்தக் கொழாயில நான்…"

அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். கேட்கவில்லை. பிறகு கையை அசைத்தார், வந்து சொல்லு என்பதுபோல.

(இந்தக் கதையில் பாதியில் விட்ட வாக்கியங்கள் இன்னும் உண்டு. எல்லாவற்றுக்கும் மூத்தது இது.)

6

செங்கமலம் வியாழக்கிழமை காலையில், சேலை முடிய இன்னும் இரண்டு முழம் இருந்தபோது, கொட்டாங்குச்சி நிரம்பித் தெறித்த துருத்தண்ணீர் பாவின் ஓரத்தில்…

செங்கமலம் அதைத் துடைத்துவிட்டு, குழாயின் அடியில் குனிந்து…

இந்தப் பகுதியைச் செங்கமலம் என்று எழுதினால் அது யாரோ ஒருத்தி ஆகிவிடுகிறது. நான்தான் குனிந்தேன்.

சிவப்பு வளையத்தைப் பார்த்தேன். எங்கள் தறியில் நெய்யும்போது எங்காவது குறை தென்பட்டால், அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிட்டுப் போவோம். பிறகு கை ஒழியும்போது வந்து சரிசெய்வோம். சிவப்பு என்றால் எனக்கு அதுதான். இவர் ஓட்டையைப் பார்த்து அடையாளம் வைத்திருக்கிறார், அடைக்க நேரமில்லாமல் போய்விட்டார் என்று நினைத்தேன். கழிவுப் பட்டுநூலைத் திரியாக உருட்டி, உருகிய மெழுகில் தோய்த்து, துளைக்குள் வைத்து ஊசிமுனையால் இறுக்கினேன். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. நல்ல வேலை. என் கைக்கு முடிச்சும் அடைப்பும் நன்றாக வரும்.

கொஞ்ச நேரம் ஈரப்பெட்டியை ஓட்டிச் சேலையை முடித்தேன். அன்று கதவு திறந்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் திரும்பினேன். உள்ளே தறிக்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு வெப்பமானியும் உடையாமல் கிடந்தன. அளவு எழுதிய சீட்டில் கடைசியாக "12.15 – 71" என்று இருந்தது. டாக்டர் மாரடைப்பு என்றார். ஜும்மாவுக்குப் பிறகு கடையில் ஆள் வந்து தாமதமாகிப்போன மஜீது பாய் நான்கு மணிக்கு வந்தார். விசயம் தெரிந்ததும் ஏணிகூட இல்லாமல் சுவரில் தொற்றி ஏறி, சாக்குகளைப் பிய்த்துப் பிய்த்துக் கீழே எறிந்தார். "காத்து போவ வழியில்லாம நான்தான் அடைச்சேன், நான்தான் அடைச்சேன்." ஊரே அவரைப் பிடித்து இறக்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள், தனியாகப் போய் அந்தத் திரியைப் பிடுங்கினேன். தண்ணீர் கொட்டியது. முக்கால் சொம்பு இருக்கும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆலையிலிருந்து வந்த மேஸ்திரியிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "ஏங்கய்யா, பொகக்கொழாயில தண்ணி நின்னா என்னாவும்?"

"பொக வெளிய போவாதும்மா. உள்ளயே திரும்பிடும். அது வெசம். அதுக்குத்தான் தண்ணி எறங்கற ஓட்டையச் சுத்திச் செவப்படிச்சு வச்சிருப்போம். செவப்பு கண்டா யாரும் தொடமாட்டாங்க."

சுடுகிற புகை தானாக ஏறி வெளியே போய்விடும். என் வீட்டுக்காரர் அதன் சூட்டை முழுக்க வாங்கிக்கொண்டார். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக அதற்குத் தெம்பில்லை. துளை திறந்திருந்தால் எத்தனை சாக்கு அடைத்தாலும் புகை அதன் வழியில் போயிருக்கும்.

அந்த வாக்கியத்தின் மிச்சம் இதுதான்: "ஏங்க, அந்தக் கொழாயில நான் ஓட்டைய அடைச்சிட்டேன்."

7

வேறு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் கண்டக்டர் இன்னொரு ஆளுக்காகக் கொஞ்சம் நிறுத்துகிறார். வாக்கியம் முடிகிறது. அய்யம்பெருமாள் "அடிப்பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறார். இந்த முடிவை ஏழெட்டுத் தடவை எழுதியிருக்கிறேன். எழுத எழுத அவர் இன்னும் வேகமாக ஓடுகிறார்.

இன்னொன்றில் டாக்டர் சொன்னதே நிஜம். வெறும் மாரடைப்பு. யார் மேலும் பழியில்லை. இதில் ஒரு பக்கம்கூடத் தாண்ட முடியவில்லை. முக்கால் சொம்புத் தண்ணீரை எங்கே கொட்டுவது?

மூன்றாவதில் நான் மஜீது பாய் வீட்டுக்குப் போய், அவர் எதிரில் உட்கார்ந்து, சொல்கிறேன். லப்பைக்குடிக்காட்டுப் பஸ்ஸில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறையும் பெரம்பலூரில் இறங்கித் திரும்பியிருக்கிறேன்.

அதனால் முடிவு இல்லாமல் இந்தத் தாள்களை மடித்து உறையில் போடுகிறேன். உறையின் மேல் பாயின் விலாசம். அவரால் படிக்க முடியாது. பேப்பர் முதல் தபால் வரை எல்லாவற்றையும் அவருக்குப் படித்துக் காட்டுவது பத்ருன்னிசா.

பத்ரு, நான் "வாசகர்" என்று மனசில் வைத்துக்கொண்டு எழுதியது உன்னைத்தான். ஆறாம் பகுதிக்கு முன்னால் நிறுத்தச் சொன்னது அதற்காகத்தான். நீ நிறுத்தியிருந்தால், அத்தா "ஏம்மா நிறுத்திட்டே?" என்று கேட்டிருப்பார். அதைப் படித்தால் அவர் மேலிருந்து சாக்கு இறங்கும். ஆனால் எட்டு வருசம் அவரை வாசலில் நிற்கவைத்து "விடுங்கண்ணே" என்று சொன்னவளை அவர் என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியாது. படிக்காமல் தாண்டினால் ஐந்தாம் பகுதிப் பஸ்ஸோடு கதை முடிந்துபோகும். எனக்கு ஓர் அண்ணன் மிஞ்சுவார். இந்தப் பாரத்தை உன்மேல் போடுவது கோழைத்தனம் என்று தெரிந்துதான் போடுகிறேன்.

எனக்குப் பதில் எழுதவேண்டாம். பங்குனி வரும். அத்தா வாசலில் நின்று சாக்கைப் பற்றிச் சொன்னால், நீ தாண்டிவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன். ஒன்றும் சொல்லாமல் பொட்டலத்தைக் கொடுத்தால், படித்துவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன்.

வராமலே இருந்தாலும் தெரிந்துகொள்வேன்.